தட்டில் வரும் காளானும் டப்பாவில் வரும் காளானும்

தஞ்சாவூர்ப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் இந்தக் காளானை நன்றாக அறிவார்கள். மரத்தின் அடித்தூரில், தரையை ஒட்டி, அரைவட்டமாக வெளியே நீட்டிக்கொண்டு முளைத்திருக்கும். மேல்பக்கம் மெருகேறிய செம்பழுப்பு. வளரும் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளை விளிம்பு. கையால் ஒடிக்க முடியாது, அவ்வளவு கெட்டி. அது கண்ணில் படும்போது பெரும்பாலும் காரியம் கைமீறிவிட்டிருக்கும். வேர் அழுகி, தண்டில் செந்நிறச் சாறு வடிந்து, அடிமட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கத் தொடங்கியிருக்கும். 1952 புயலுக்குப் பிறகு அந்த மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நோயை உண்டாக்குவது கனோடெர்மா என்ற பூஞ்சை.

அதே கனோடெர்மா பேரினத்தைச் சேர்ந்த காளான்தான் பொடியாக்கப்பட்டு, கேப்ஸ்யூலில் அடைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை விற்பனையாகிறது. சீனர்கள் அதை லிங்ஷி என்பார்கள், ஜப்பானியர்கள் ரெய்ஷி என்பார்கள். விற்பவர் கடைக்காரர் அல்ல. நம் சித்தப்பாவின் நண்பர், பக்கத்துத் தெரு ஆசிரியை, ஒன்றாக நடைப்பயிற்சி போகும் அண்ணாச்சி. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, கேன்சர் என எது சொன்னாலும் அவர்களிடம் ஒரு கேப்ஸ்யூல் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களின் கூடைகளில், ஸ்கேன் கவருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே அந்த டப்பாவும் தலைகாட்டுகிறது. நகையை அடகு வைத்துக் கீமோவுக்குப் பணம் புரட்டிய குடும்பம், அதே பணத்திலிருந்து இதற்கும் எடுத்துக் கொடுக்கிறது.

இதெல்லாம் வெறும் ஏமாற்று என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது உண்மையல்ல. காளானில் மருந்து இருக்கிறது. அறுபது ஆண்டுகளாக உலகின் நல்ல ஆய்வகங்கள் அதைத் தேடியிருக்கின்றன. சிலவற்றைக் கண்டுபிடித்தும் இருக்கின்றன. அந்த ஆராய்ச்சிகளை நிதானமாகப் படித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஆய்வகத்தில் பிரித்தெடுத்து, அளவு குறித்து, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த காளான் மருந்துக்கு ஆதாரம் உண்டு. சமைத்துச் சாப்பிடும் காளானுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் டப்பாவுக்குத்தான் ஆதாரம் மிகக் குறைவு. விலை அதிகமும் அதற்குத்தான்.

எலிகளின் கட்டி கரைந்தபோது

1960-களின் பிற்பகுதி. டோக்கியோவில் தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆய்வகத்தில் கோரோ சிஹாராவின் குழு ஷிடாகே காளானை வெந்நீரில் இட்டுச் சாறெடுத்தது. ஜப்பானியர்கள் அன்றாடம் சூப்பில் போடும் காளான்தான். அந்தச் சாற்றிலிருந்து ஒரு கூட்டுச் சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்து 'லென்டினான்' என்று பெயரிட்டார்கள். சார்கோமா-180 என்ற கட்டியை எலிகளின் உடலில் வளரவைத்து, அவற்றுக்கு லென்டினானை ஊசியாகச் செலுத்தினார்கள். பல எலிகளில் கட்டி சுவடில்லாமல் மறைந்தது. 1969-ல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது.

அடுத்து அவர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் கூர்மையானது. லென்டினான் கட்டியைத் தானே கொல்கிறதா? ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றணுக்கள் மீது அதை நேராக ஊற்றிப் பார்த்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. தைமஸ் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தால், அங்கும் பலன் காணாமல் போனது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சிறிய சுரப்பியில்தான் நம் நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் பக்குவம் அடைகின்றன. ஆகவே கட்டியோடு போரிட்டது லென்டினான் அல்ல, எலியின் சொந்த நோய் எதிர்ப்புச் சக்தி. லென்டினான் அதைத் தூண்டிவிட்டது, அவ்வளவுதான். புற்றுநோய்க்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பைத் திருப்பிவிடலாம் என்ற எண்ணம் இன்று மருத்துவ உலகின் பெரிய நம்பிக்கை. அதை ஒரு சமையல் காளானை வைத்துக்கொண்டு 1970-களிலேயே அந்தக் குழு தொட்டுவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எப்படித் தூண்டுகிறது என்பதற்கு விடை வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. காளான் உள்ளிட்ட எல்லாப் பூஞ்சைகளின் செல் சுவரிலும் பீட்டா குளூக்கான் என்ற பொருள் இருக்கிறது. குளூக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி; இடையிடையே சிறு கிளைகள். மனித உடல் இதை உற்பத்தி செய்வதில்லை. எனவே உடலுக்குள் பீட்டா குளூக்கான் வந்தால், 'பூஞ்சைக் கிருமி நுழைந்துவிட்டது' என்று நோய் எதிர்ப்பு அணுக்கள் பொருள் கொள்கின்றன. அதை அடையாளம் காணும் ஏற்பி டெக்டின்-1 என்று 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சியாமன் கார்டனும் காட்டினார்கள். காளான் சாறு செய்வது, ஆபத்து இல்லாத நேரத்தில் ஆபத்து மணியை அடிப்பது. விழித்துக்கொண்ட அணுக்கள் சில நேரம் பக்கத்திலிருக்கும் புற்றணுவையும் கவனித்துவிடுகின்றன.

ஜப்பான் அரசு அனுமதித்த காளான் மருந்து

எலியில் பலித்ததெல்லாம் மனிதரில் பலிப்பதில்லை. மனிதர்களிடம் மிக விரிவாகச் சோதிக்கப்பட்ட காளான் மருந்து, ஷிடாகேயிலிருந்து வந்ததல்ல. பட்ட மரக்கட்டைகளில் மெல்லிய தட்டுகளாக, பழுப்பும் சாம்பலும் வெண்மையுமான வளையங்களோடு அடுக்கடுக்காக வளரும் ட்ராமெட்டீஸ் வெர்சிகலர் என்ற காளான் அது. அதிலிருந்து குரேஹா நிறுவனம் பிரித்தெடுத்த பொருளுக்கு பி.எஸ்.கே. என்று சுருக்கப் பெயர், கிரெஸ்டின் என்று சந்தைப் பெயர். 1977-ல் ஜப்பான் அரசு அதைப் புற்றுநோய் சிகிச்சைக்கு அனுமதித்தது. 1980-களில் அந்நாட்டில் புற்றுநோய் மருந்துகளுக்குச் செலவான பணத்தில் கணிசமான பங்கு இந்த ஒரே மருந்துக்குப் போனது.

அதற்குக் கிடைத்த மிக வலுவான சான்று 1994-ல் 'லான்செட்' இதழில் வந்தது. இரைப்பைப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 262 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே கீமோ. அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, கூடவே பி.எஸ்.கே. கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, கீமோ மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பி.எஸ்.கே.யும் சேர்த்துப் பெற்றவர்களில் 73 சதவீதம். நூறு பேரில் 13 பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். இது அற்பமான எண் அல்ல. பின்னர் 2007-ல் இப்படிப்பட்ட எட்டு ஆய்வுகளை, மொத்தம் 8,009 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் சுருங்கியிருந்தது. இறப்பு அபாயம் சுமார் 12 சதவீதம் குறைவு.

கேப்ஸ்யூல் விற்பவர்கள் இந்த ஆய்வைத்தான் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் விட்டுவிடும் பகுதிகளைச் சொல்லியாக வேண்டும். முதலில், அந்த 262 பேரும் அறுவை செய்துகொண்டவர்கள். காளான் அறுவைக்கோ கீமோவுக்கோ மாற்றாக வரவில்லை. அவற்றோடு துணையாக வந்தது. அடுத்து, அவர்கள் விழுங்கியது காளான் பொடி அல்ல. குறிப்பிட்ட பூஞ்சை வகையை வளர்த்து, குறிப்பிட்ட முறையில் சாறெடுத்து, ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரே தரம் இருப்பதை உறுதி செய்த மருந்து. அரசும் ஒருமுறை அனுமதித்ததோடு விட்டுவிடவில்லை. பின்னாளில் மறு ஆய்வு செய்து, கீமோவோடு சேர்த்து மட்டுமே கொடுக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. இத்தனைக்கும் பிறகு, புதிய கீமோ மருந்துகள் வந்து சிகிச்சை முறையே மாறியபோது கிரெஸ்டினின் இடம் சுருங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது.

லென்டினானின் கதையும் ஏறக்குறைய இதேதான். 1985-ல் இரைப்பைப் புற்றுக்கான ஊசி மருந்தாக ஜப்பானில் அனுமதி பெற்றது. ஆனால் எஸ்-1 என்ற புதிய கீமோ மாத்திரையோடு லென்டினானைச் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு ஒன்றில் நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை. 2016-ல் வெளியான முடிவு இது. பழைய சிகிச்சையோடு பலன் தந்த மருந்து, மேம்பட்ட சிகிச்சையோடு சேர்ந்தபோது கூடுதலாக ஒன்றும் தரவில்லை. இதில் யாரும் தோற்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், அளந்தார்கள், விடை மாறியபோது ஏற்றுக்கொண்டார்கள். மருந்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

ரெய்ஷி: எடைபோட்டுப் பார்த்தால்

நம் ஊரில் அதிகம் விற்பது ரெய்ஷி என்பதால் அதன் கணக்கைத் தனியாகப் பார்ப்போம். உலகில் நடந்த ஆய்வுகளைச் சலித்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, புற்றுநோய்க்கு ரெய்ஷி கொடுத்த ஆய்வுகளைத் திரட்டியது. தேறியவை ஐந்து. பங்கேற்றவர்கள் மொத்தம் 373 பேர். கீமோ அல்லது கதிர்வீச்சோடு சேர்த்து ரெய்ஷி பெற்றவர்களிடம் சிகிச்சைக்குக் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையிலும் சிறிய முன்னேற்றம். ரெய்ஷியை மட்டும் தனியாகப் பெற்றவர்களிடம் கட்டி சுருங்கும் பலன் தெரியவில்லை. ஆயுளைக் கூட்டியதா என்று சொல்லும் தகவல் அந்த ஆய்வுகளில் இல்லை. முதல் சிகிச்சையாக அதை ஏற்க ஆதாரமில்லை என்று அறிக்கை முடிவு கூறியது.

சர்க்கரைக்கு? அதற்கும் ஒரு காக்ரேன் அறிக்கை இருக்கிறது, 2015-ல் வந்தது. ஐந்து ஆய்வுகள், 398 பேர். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையையோ, இதய நோய்க்கான ஆபத்துகளையோ ரெய்ஷி குறைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு இந்தக் கேப்ஸ்யூலுக்கு மாறியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது இந்தப் பத்தியை வாசித்துக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தியாவிலும் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் கே.கே. ஜனார்த்தனன் குழு கேரளத்தில் கிடைக்கும் கனோடெர்மா, ஃபெல்லினஸ் காளான்களின் சாற்றில் வீக்கத்தைத் தணிக்கும், கட்டியைத் தடுக்கும் தன்மைகளை ஆய்வக விலங்குகளிடம் காட்டியிருக்கிறது. பயனுள்ள வேலை. ஆனால் அது முதல் படி.

மூளைக்கு ஒரு காளான்

இன்று இணையத்தில் அதிகம் புகழப்படுவது 'லயன்ஸ் மேன்' என்ற சிங்கப்பிடரிக் காளான். குடையே கிடையாது. வெள்ளை நூல்கள் கொத்தாகத் தொங்கும் ஓர் உருண்டை. ஷிசுவோகா பல்கலைக்கழகத்தின் ஹிரோகாஸு கவாகிஷி 1990-களில் இதிலிருந்து ஹெரிசெனோன், எரினசின் என்ற பொருள்களைப் பிரித்தெடுத்தார். நரம்பு செல்கள் வளர உதவும் ஒரு புரதத்தின் உற்பத்தியை இவை ஆய்வகத்தில் தூண்டின.

2009-ல் ஜப்பானில் வெளியான ஒரு சோதனையில் 50 முதல் 80 வயதுக்குள், லேசான மறதி உள்ளவர்களுக்கு இந்தக் காளான் மாத்திரையை 16 வாரங்கள் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களின் நினைவாற்றல் மதிப்பெண் கூடியது. நிறுத்திய நான்கு வாரங்களில் மதிப்பெண் மறுபடி இறங்கியது. சாப்பிடும்போது ஏறி, நிறுத்தினால் இறங்குவது நம்பிக்கையூட்டும் அடையாளம்தான். ஆனால் இதில் கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ முப்பது பேர் மட்டுமே. முப்பது பேரை வைத்து வயதான பெற்றோரின் மறதிக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. 2023-ல் இங்கிலாந்தில் 41 இளம் வயதினரிடம் செய்த சோதனையிலும் ஒன்றிரண்டு தேர்வுகளில் மட்டும் சிறிய வித்தியாசம் தெரிந்தது.

மருந்துக்கடையில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சை

கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் மாத்திரை சாப்பிடும் கோடிக்கணக்கானோர் பூஞ்சைக்குக் கடன்பட்டவர்கள். ஜப்பானின் அகிதா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ சிறுவயதிலேயே காளான்களைக் கவனித்து வளர்ந்தவர். சாங்க்யோ நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடி 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். 1970-களின் தொடக்கத்தில் கியோட்டோவில் ஓர் அரிசிக் கடையின் தானியத்தில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் அது கிடைத்தது. அதுதான் முதல் ஸ்டாடின். வேறொரு பூஞ்சணத்திலிருந்து வந்த லோவாஸ்டாடின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்டோ 2024-ல் தன் 90-வது வயதில் மறைந்தார். நம் சிப்பிக் காளானிலும் லோவாஸ்டாடின் இயற்கையாகவே சிறிதளவு இருக்கிறது. மாத்திரையின் வேலையை அது செய்துவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

நார்வேயின் மலைமேட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது சைக்ளோஸ்போரின். 1983-ல் அமெரிக்க அனுமதி பெற்ற அந்த மருந்து, உறுப்பு மாற்று அறுவையின் வரலாற்றையே மாற்றியது. இன்னொருவரின் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பை அது அடக்கி வைக்கிறது. பூச்சிகளின் உடலில் வளரும் ஒரு பூஞ்சையை கியோட்டோவில் டெட்சுரோ ஃபுஜிதா ஆராய்ந்தார். அதன் பொருளை மாற்றியமைத்து உருவான ஃபிங்கோலிமோட், நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலெரோசிஸ் நோய்க்கு 2010 முதல் மாத்திரையாகக் கிடைக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான ஆபத்து ஒளிந்திருக்கிறது. சைக்ளோஸ்போரின் நோய் எதிர்ப்பை அடக்குகிறது. பீட்டா குளூக்கான் அதைத் தூண்டுகிறது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒருவர், 'இம்யூனிட்டிக்கு நல்லது' என்று யாரோ கொடுத்த காளான் கேப்ஸ்யூலை விழுங்கினால், ஒரு கையால் அணைத்ததை மறு கையால் பற்றவைக்கிறார். முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இம்யூனிட்டி கூடினால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் கோவிட் காலத்தில் நம் வீடுகளில் வேர்விட்டுவிட்டது. அது எல்லோருக்கும் நல்லதல்ல.

சிங்கப்பூர் முதியவர்களின் சாப்பாட்டுத் தட்டு

எனக்கு இந்த மொத்த ஆராய்ச்சியிலும் மிகவும் நெருக்கமாகப் படுவது, ஆய்வகத்திலிருந்து அல்ல, சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வந்த செய்தி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2011 முதல் 2017 வரை, 60 வயது கடந்த 663 பேரின் உணவுப் பழக்கத்தையும் நினைவாற்றலையும் பதிவு செய்தது. ஃபெங் லெய் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2019-ல் வெளியானது. சிப்பி, ஷிடாகே, மொட்டுக் காளான், தங்க நிறக் காளான், உலர்ந்தது, டின்னில் அடைத்தது எனக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆறு வகைகளைப் பற்றித்தான் கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு பரிமாறலுக்கு மேல், அதாவது சமைத்த காளான் சுமார் 300 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களிடம், லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. வயது, படிப்பு, புகை, மது, ரத்த அழுத்தம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நிலைத்தது.

காரணமாக அவர்கள் சுட்டிக்காட்டுவது எர்கோதயோனீன். 1909-ல் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் தான்ரே முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தார். மனித உடலால் இதை உண்டாக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். மற்ற எந்த உணவையும்விடக் காளானில் இது அதிகம். 2005-ல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள், இந்தப் பொருளை மட்டும் தேடிப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு தனி வாயில் நம் உடலில் இருப்பதைக் கண்டார்கள். தேவையில்லாத ஒன்றுக்கு உடல் வாயில் வைத்திருக்குமா? இந்தக் கேள்விதான் சிங்கப்பூரில் பேரி ஹாலிவெல் போன்றோரைப் பல ஆண்டுகளாக இதன் பின்னால் போகவைத்தது. மறதி தொடங்கியவர்களின் ரத்தத்தில் எர்கோதயோனீன் குறைவாக இருப்பதையும் அக்குழு கண்டிருக்கிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் 2018-ல், நீண்ட ஆயுளுக்கான வைட்டமின்கள் என்று தான் முன்வைத்த பட்டியலில் இதைச் சேர்த்தார்.

சிங்கப்பூர் ஆய்வுக்கும் வரம்பு உண்டு. காளான் சாப்பிடுபவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காளானைக் கொடுத்துச் சோதிக்கவில்லை. காளான் வாங்கிச் சமைப்பவர் வேறு நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருக்கலாம். மறதி வரத் தொடங்கியவர் சமையலையே குறைத்துக்கொண்டிருக்கலாம். புற்றுநோய் விஷயத்தில் இந்தச் சிக்கல் பளிச்சென்று தெரிகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2021-ல் 17 ஆய்வுகளைத் தொகுத்து, தினம் 18 கிராம் காளான் சாப்பிடுவோருக்குப் புற்றுநோய் அபாயம் 45 சதவீதம் குறைவு என்றது. அதற்குச் சற்று முன்னதாக, அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரையும் மருத்துவத் துறையினரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை அலசியபோது, காளானுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. ஜப்பானில் 36,499 ஆண்களைப் பின்தொடர்ந்ததில், வாரம் மூன்று முறை அல்லது அதற்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்று 17 சதவீதம் குறைவு. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து விளம்பரம் செய்வது எளிது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், புற்றுநோய்க்காகக் காளான் சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல உணவு, பழகிக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

மொட்டை மாடி வெயிலில் ஒரு தட்டு

சந்தேகமே இல்லாத ஒரு பலனும் உண்டு. அதற்கு ஒரு பாக்கெட் மொட்டுக் காளானும் வெயிலும் போதும்.

காளானின் உடலில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. நம் தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி உண்டாவதும் இதே தத்துவம்தான். இருட்டு அறையில் வளர்ந்து, பாக்கெட்டில் வரும் காளானில் இந்த வைட்டமின் அநேகமாக இருக்காது. ஆனால் நடுப்பகல் வெயிலில் 15 நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரை வைத்தால், 100 கிராம் காளானில் பொதுவாக 10 மைக்ரோகிராமுக்கு மேல் உருவாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். வெயில் கொட்டும் நாட்டில் இருந்துகொண்டே வைட்டமின் டி குறைபாட்டுக்கு மாத்திரை வாங்கும் நமக்கு, அதிலும் மீனும் முட்டையும் சாப்பிடாத வீடுகளுக்கு, இது பெரிய செய்தி.

செய்முறை இதுதான். காளானைக் கழுவித் துடைத்து, மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். முழுக் காளானாக வைப்பதென்றால் காம்பு மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். குடையின் அடியில் இருக்கும் பழுப்பு மடிப்புகளில் வெயில் நேராக விழ வேண்டும். பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், திறந்த வெயிலில் வையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அரை மணியில் வில்லைகளின் ஓரம் லேசாகச் சுருண்டு, வெள்ளை நிறம் மங்கி, காளான் வாசம் தூக்கலாக வரும். எடுத்து அன்றைக்கே மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிவிடுங்கள். நல்லெண்ணெய் ஊற்றி வதக்கினால் இன்னும் நல்லது. வைட்டமின் டி கொழுப்போடு சேர்ந்துதான் உடலில் ஏறும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் சொந்தமாகப் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும், ஊட்டியிலோ ஏ.சி. அறையிலோதான் வளரும். பால் காளான் அப்படியல்ல. 1974-ல் மேற்கு வங்கத்தில் விவரிக்கப்பட்ட இந்த இந்தியக் காளானைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எடுத்து வளர்த்து, 1998-ல் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.பி.கே.-2 என்ற ரகமாக வெளியிட்டது. முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெப்பத்திலும் வளரும். தரையில் பள்ளம் தோண்டி, மேலே நீல பாலித்தீன் கூரை போட்டு, வேகவைத்த வைக்கோலை நிரப்பிய பைகளில் மகளிர் குழுக்கள் இன்று இதை வளர்க்கின்றன. தண்டு பருத்து, பல் படும்போது நறுக்கென்று இருக்கும். பறித்த பிறகு மொட்டுக் காளானைவிடச் சில நாள் கூடுதலாகத் தாங்கும். கேப்ஸ்யூல் டப்பாவின் விலைக்கு ஒரு குடும்பம் பல வாரங்களுக்கு இதை வாங்கிச் சாப்பிடலாம்.

எந்தக் காளானையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். ஷிடாகேயை அரைவேக்காட்டில் சாப்பிட்டவர்களின் உடம்பில், சாட்டையால் அடித்த தடம்போல் சிவந்த வரிகள் எழும்புவதை 1977-லேயே ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நன்றாக வேகவைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. மழைக்குப் பிறகு காட்டிலும் மேட்டிலும் முளைப்பதைப் பறித்துச் சமைப்பது அனுபவசாலிகளுக்கே ஆபத்தான வேலை. 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் நச்சுக் காளானைச் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். அமனிடா வகைக் காளானின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. முதல் நாள் வாந்தி பேதி வந்து அடங்கும், ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். அதற்குள் கல்லீரல் அழியத் தொடங்கியிருக்கும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மீண்டும் கேப்ஸ்யூலுக்கு வருவோம். அமெரிக்காவில் விற்கும் 19 ரெய்ஷி தயாரிப்புகளை வாங்கிப் பரிசோதித்த ஆய்வு 2017-ல் வெளியானது. லேபிளில் சொன்னது உள்ளேயும் இருந்தவை வெறும் ஐந்து. மற்றவற்றில் ரெய்ஷிக்கே உரிய பொருள்கள் இல்லை, அல்லது தானிய மாவுச்சத்து இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். காளான் முழுதாக வளர மாதக்கணக்கில் ஆகும். அதன் இழையைத் தானியத்தில் வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும். மேல்நாட்டுச் சந்தையிலேயே நிலைமை இதுவென்றால், வீடு வீடாக விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவர் எப்படி அறிவார்?

இந்தியாவில் இவை மருந்து அல்ல, ஊட்டச்சத்துத் துணைப்பொருள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் லேபிளில் இருந்தாக வேண்டும். டப்பாவைத் திருப்பி, ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்த வரியைத் தேடிப் பாருங்கள். புற்றுநோயையும் சர்க்கரை நோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. வாய்மொழியாகச் சொல்பவர் மீது அந்தச் சட்டம் பாய்வது அரிது. அதனால்தான் வாக்குறுதிகள் லேபிளில் வருவதில்லை, விற்பவரின் வாயில் வருகின்றன.

இயற்கைப் பொருள், பக்கவிளைவு இருக்காது என்பதும் பொய். ரஷ்யக் காடுகளில் பிர்ச் மரத்தில் வளரும் சாகா என்ற கருங்காளான் இப்போது இங்கும் பொடியாகக் கிடைக்கிறது. ஜப்பானில் கல்லீரல் புற்று கண்ட 72 வயதுப் பெண் ஒருவர், குணமாக வேண்டும் என்று ஆறு மாதங்கள் தினமும் நான்கைந்து தேக்கரண்டி சாகாப் பொடி சாப்பிட்டார். அதிலிருந்த ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படிந்து, சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸில் போய் நின்றது. 2014-ல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. ரெய்ஷிப் பொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பதிவுகளும் உண்டு. ரத்தம் உறைவதை ரெய்ஷி குறைக்கலாம் என்பதால், ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வீட்டில் யாராவது ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர்களைத் திட்டாதீர்கள். பயத்தில் வாங்கியிருப்பார்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று மறைத்தும் வைத்திருப்பார்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த டப்பாவையே கையோடு எடுத்துப் போய் டாக்டரின் மேசையில் வையுங்கள். எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். கீமோ நடக்கும்போது கல்லீரல் பரிசோதனையின் எண்கள் திடீரென்று ஏறினால், எதை நிறுத்துவது என்று அந்த ஒரு குறிப்பை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும்.